கப்டன் மார்வெல் டெக்கில் ரிசோர்ஸ் குவியுது, ஆட்டம் மட்டும் தோல்வி. எங்க பிழை?

நிலாவெளி_நண்டு:

மார்வெல் சாம்பியன்ஸ் (எல்லாரும் ஒரு பக்கமா நிண்டு வில்லனை எதிர்க்கிற கார்ட் விளையாட்டு), அடிப்படைப் பெட்டி மட்டும்தான் கையில. ரெண்டு பேர் ஆட்டம். நான் கப்டன் மார்வெல் லீடர்ஷிப், மச்சான் ஸ்பைடர்மேன் ஜஸ்டிஸ் (லீடர்ஷிப், ஜஸ்டிஸ் எண்டது ஹீரோவோட சேர்க்கிற கார்ட் வகை). வில்லன் ரைனோ, ஸ்டாண்டர்ட் நிலை.

என்ர டெக் 47 கார்ட். ரிசோர்ஸ் (கார்ட் விலையைக் கட்டுறது) பக்கம் ஒண்டும் விடேல்ல: எனர்ஜி, ஜீனியஸ், ஸ்ட்ரெங்த் ஒவ்வொண்டு, தி பவர் ஒஃப் லீடர்ஷிப் ரெண்டு, ஹெலிகேரியர், அவெஞ்சர்ஸ் மேன்ஷன், அதோட ஹீரோவின்ர சொந்தக் கார்ட்டில வாற எனர்ஜி அப்சோர்ப்ஷன் மூண்டு. ஆறாஞ் சுற்றில மேசை பார்க்க வடிவா இருக்கு, ஆனா ரைனோ முதல் கட்டத்திலயே நிக்கிறான், மெயின் ஸ்கீம் (வில்லன்ர திட்டம், நிரம்பினா எங்களுக்குத் தோல்வி) 14ஐ எட்டிடுது.

செய்யிறது இதுதான். முதல் சுற்றில மேன்ஷன் கையில வந்தா உடனே இறக்குவன். அடுத்தது ஹெலிகேரியர். பிறகு எனர்ஜி சேனலை (எனர்ஜியைக் கவுன்டராச் சேர்த்து வைச்சுப் பிறகு அடிக்கிற கார்ட்) ஏத்துவன்: பவர் ஒஃப் லீடர்ஷிப்பால 2, ஹெலிகேரியரால 1 குறைச்சு, மிச்சம் கையால. ஒவ்வொரு சுற்றும் ரீசேனல் எண்ட ஹீரோ ஆற்றலைப் பாவிச்சு ஒரு கார்ட் இழுப்பன். இன்னும் ரிசோர்ஸ் கூட்டவேணுமா, இல்ல குறைக்கவேணுமா?


கோட்டைவாசல்:

கூட்டவும் வேண்டாம், பெரிசாய்க் குறைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு கார்ட்டும் போட்ட முதலை எத்தனையாம் சுற்றில் திருப்பித் தருது என்று எண்ணிப் பாருங்கோ.

இந்த விளையாட்டில் காசு என்பது கையிலுள்ள கார்ட்தான். விலை 3 உள்ள கார்ட்டை இறக்கினால் கையிலிருந்து போவது நாலு கார்ட்: அந்தக் கார்ட், அதோடு கட்டிய மூன்று. ஹெலிகேரியர் விலை 3. ஆக நாலு கார்ட் முதல். சுற்றுக்கு 1 குறைத்துத் தரும், நாலு தரம் பாவித்த பிறகுதான் முதல் கையில் வரும். மேன்ஷன் விலை 4. ஐந்து கார்ட் முதல், சுற்றுக்கு ஒரு கார்ட் வட்டி. ரைனோவோடு இரண்டு பேர் ஆட்டம் பெரும்பாலும் 6 முதல் 8 சுற்றுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடும். முதல் சுற்றில் இறக்கிய மேன்ஷன் ஐந்தாம், ஆறாம் சுற்றில்தான் இலாபம் காட்டத் தொடங்கும். நாலாம் சுற்றில் இறக்கினால் சுத்த நட்டம்.

இரண்டையும் அடுத்தடுத்த சுற்றில் இறக்குகிறீர்கள். ஒன்பது கார்ட் பெறுமதி மேசையில் முடங்கிக் கிடக்குது. உங்கள் தொடக்கக் கை ஆறு, ஹீரோ பக்கம் கை ஐந்து (ஆள் கார்ட்டுக்கு இரண்டு பக்கம்: ஹீரோ, ஆல்டர்-ஈகோ எனும் சாதாரண ஆள்). முதல் இரண்டு சுற்றிலும் வில்லனுக்கு ஒரு கீறலும் இல்லை, ஸ்கீமிலிருந்து ஒரு த்ரெட்டும் (அதில் ஏறும் அபாயப் புள்ளி) குறையவில்லை என்பதுதான் அதன் பொருள்.

என் விதி இது. தொடக்கக் கையிலோ இரண்டாஞ் சுற்றிலோ ஹெலிகேரியர் வந்தால் இறக்கலாம். மேன்ஷன் தொடக்கக் கையில் இருந்து, கூடவே இரட்டை ரிசோர்ஸ் ஒன்றும் இருந்தால் மட்டும். மூன்றாஞ் சுற்றுக்குப் பிறகு வந்தால் இரண்டுமே இடது கீழ் மூலையில் அச்சடித்த ரிசோர்ஸுக்குத்தான். கட்டணமாகக் கழிக்க மனம் வராவிட்டால் அந்தக் கார்ட்டை டெக்கிலேயே வைக்கக் கூடாது.

47 கார்ட்டும் ஒரு பிழை. 40 வரை இறங்க விதி விடுது. கூடுதலாக வைத்த ஏழும் உங்கள் எனர்ஜி அப்சோர்ப்ஷனைத் தள்ளிப் போடுகிற ஏழு.


பாலையூற்றுப்_பொடியன்:

அண்ணை கணக்குச் சொல்லிட்டார். நான் விதிப் பிழையளைச் சொல்லுறன். உங்கட பதிவில மூண்டு இருக்கு.

ஒண்டு, பவர் ஒஃப் லீடர்ஷிப். அது ஒரு வைல்ட்தான் (எந்த வகை ரிசோர்ஸாவும் எண்ணலாம்). லீடர்ஷிப் கார்ட்டுக்குக் கட்டும்போது மட்டும் இரண்டாகும். எனர்ஜி சேனல் ஹீரோவின்ர சொந்தக் கார்ட், லீடர்ஷிப் இல்ல. சேனல்ல வைச்சா ஒரு கவுன்டர்தான். நிக் ஃபியூரிக்கும் இதே கதை: அவர் பேசிக் (எந்த டெக்கிலயும் வைக்கிற பொதுக் கார்ட்), அவருக்கும் இரட்டிக்காது. மரியா ஹில், விஷன், ஹோக்ஐ மாதிரி நீலக் கார்ட்டுக்கு மட்டும் வைச்சிருங்கோ.

ரெண்டு, ஹெலிகேரியர் ரிசோர்ஸ் தராது. தெரிவு செய்த ஆள் அந்த பேஸில (phase, சுற்றின்ர ஒரு பகுதி) அடுத்ததா *இறக்கிற* கார்ட்டின்ர விலையை 1 குறைக்கும், அவ்வளவுதான். சேனலை ஏத்துறது கார்ட் இறக்கிறது இல்ல, அதால அதுக்கு ஒரு பயனும் இல்ல. இன்னொரு பொறி: ஹெலிகேரியரை மடக்கிப்போட்டு (பாவிச்சதுக்கு அடையாளமாப் பக்கவாட்டில திருப்பி), மறந்துபோய் விலை 0 உள்ள கெட் ரெடியை இறக்கினா தள்ளுபடி அதில போய் அழிஞ்சிடும். எதை இறக்கப்போறன் எண்டு முடிவெடுத்த பிறகுதான் ஹெலிகேரியரைத் தொடவேணும்.

மூண்டு, ரீசேனல். ஒரு எனர்ஜி கட்டுறதோட 1 காயம் ஆறுறதும் அதின்ர செலவில சேர்த்தி. காயம் இல்லாட்டி செலவைக் கட்ட ஏலாது, கார்ட்டும் வராது. முழு 12 உயிரோட நிக்கிற கப்டன் மார்வெலுக்கு அந்த வரி வெறும் அலங்காரம். காயம் பட்ட பிறகு ஒற்றை எனர்ஜிக் கார்ட் ஒண்டைக் குடுங்கோ: ஒண்டு போய் ஒண்டு வரும், நடுவில ஒரு உயிர் இலவசம். மூண்டு எனர்ஜி உள்ள அப்சோர்ப்ஷனை அதுக்குக் குடுத்தா மிச்சம் ரெண்டும் காத்தில போகும். கூடக் கட்டினது திரும்பி வராது.


கன்னியா_வெந்நீர்:

உண்மையான சிக்கல் வேறு. ரிசோர்ஸ் சேர்க்கிறீங்க, அதைக் கொட்ட இடம் வைக்கல.

கப்டன் மார்வெலிடம் கொட்டுகிற இடம் இரண்டு. விலையோடு பாருங்க.

எனர்ஜி சேனல் முன்பே மேசையில் இருக்கு என்று வைப்போம். கையில் எனர்ஜி அப்சோர்ப்ஷன் ஒன்று, பேசிக் எனர்ஜி ஒன்று. 3 + 2 = 5 கவுன்டர். ஹீரோ பக்கம் நின்று சேனலைக் கழித்தால் கவுன்டருக்கு 2 வீதம் 10 அடி. அதுதான் அதன் உச்சவரம்பும், ஆறாவது கவுன்டர் வீண். இரண்டு கார்ட்டுக்கு 10.

ஃபோட்டானிக் பிளாஸ்ட் விலை 3, அடி 5. எனர்ஜி சேர்த்துக் கட்டினால் ஒரு கார்ட் இழுக்கலாம். ஒரே ஒரு அப்சோர்ப்ஷனால் கட்டினால் போனது இரண்டு, வந்தது ஒன்று: நிகரம் ஒரு கார்ட்டுக்கு 5 அடி. அதையே ஒற்றைக் கார்ட் மூன்றால் கட்டினால் போனது நாலு, வந்தது ஒன்று. அடி அதே 5தான். இங்கே ஹெலிகேரியரால் விலையை 2 ஆக்கிவிட்டு அப்சோர்ப்ஷனைக் கொடுப்பது சுத்த முட்டாள்தனம், ஒரு எனர்ஜி சும்மா போகும். ஹேமேக்கரோடு ஒப்பிட்டால் விளங்கும்: விலை 2, அடி 3, மூன்று கார்ட் போய் மூன்று அடி.

ஆகவே அப்சோர்ப்ஷன் மூன்றும் இந்த இரண்டுக்கும் மட்டுமே. மேன்ஷனுக்கோ நிக் ஃபியூரிக்கோ அதைக் கட்டுவது தங்கத்தை விற்றுத் தவிடு வாங்குகிற வேலை.

அடுத்தது சுற்றின் ஒழுங்கு. பெரிய சுற்று ஒன்று வேணுமென்றால் அதற்கு முந்தைய சுற்றிலேயே தொடங்க வேணும். முந்தைய சுற்றை கெரல் டான்வர்ஸ் (கப்டன் மார்வெலின் ஆல்டர்-ஈகோ) பக்கம் முடித்தால் கை 6. புதிய சுற்றில் முதலில் கமாண்டர் ஆற்றலால் உங்களுக்கே ஒரு கார்ட், 7. அல்ஃபா ஃபிளைட் ஸ்டேஷன் மேசையில் இருந்தால் ஒன்று கழித்து இரண்டு இழுக்கலாம் (கெரலாக இருக்கும்போது மட்டும்தான் இரண்டு), கை 8. *அதன் பிறகுதான்* ஹீரோவாகப் புரட்ட வேணும். ஐந்து கார்ட் கைக்கும் எட்டுக் கார்ட் கைக்கும் உள்ள வித்தியாசம் மேன்ஷன் மூன்று சுற்றில் தருவது. ஸ்டேஷனின் விலையோ 1. உங்கள் பதிவில் அதன் பெயரே இல்லை என்பதைக் கவனித்தேன்.

இதற்கு விலை உண்டு. ஆல்டர்-ஈகோ பக்கம் நின்றால் வில்லன் அடிக்கமாட்டான், ஸ்கீம் செய்வான். ரைனோவின் மெயின் ஸ்கீமுக்கு ஆளுக்கு 7 வீதம் 14 த்ரெட். ஒவ்வொரு வில்லன் பேஸிலும் ஆளுக்கு 1 வீதம் 2 தானாகவே ஏறும். ஒருவர் ஆல்டர்-ஈகோவில் நின்றால் ரைனோவின் 1, அதோடு பூஸ்ட் (கவிழ்த்து வைத்த கார்ட் ஒன்று கூட்டுவது). பூஸ்டை 1 என்று வைத்தால் மொத்தம் 4. இருவரும் நின்றால் 6, மூன்று சுற்றில் ஆட்டம் முடிந்தது. உங்கள் 14 எப்படி நிரம்பியது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்: நீங்கள் மேன்ஷன் கட்டுகிற நேரம் மச்சானும் பீட்டர் பார்க்கராக நின்று ஓய்வெடுத்திருப்பார். ஒரே சுற்றில் இருவரும் ஆல்டர்-ஈகோவில் முடிக்கக் கூடாது. மாறி மாறி.

அடிப்படைப் பெட்டிக்குள் 40 கார்ட்டில் நான் அடுக்குவது: ஹீரோ 15. மரியா ஹில், விஷன், ஹோக்ஐ, மொக்கிங்பேர்ட், நிக் ஃபியூரி ஒவ்வொன்று. பவர் ஒஃப் லீடர்ஷிப் 2. எனர்ஜி, ஜீனியஸ், ஸ்ட்ரெங்த் ஒவ்வொன்று. ஹெலிகேரியர், மேன்ஷன், ட்ரிஸ்கெலியன் ஒவ்வொன்று. மேக் த கோல் 2, கெட் ரெடி 2, லீட் ஃப்ரொம் த ஃப்ரொன்ட் 2, இன்ஸ்பயர்ட் 2, ஹேமேக்கர் 2, ஃபர்ஸ்ட் எய்ட் 1, எமர்ஜன்சி 1. ஹேமேக்கரைத் திட்டிவிட்டு நானே இரண்டு வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். அது கட்டணத்துக்கு. கடைசி 3 உயிரைத் தட்டவும் உதவும்.

நிக் ஃபியூரியைக் குறைத்து மதிக்கவேண்டாம். விலை 4, ஐந்து கார்ட் போகும், மூன்று இழுப்பார். நிகரம் இரண்டு கார்ட்டுக்கு ஒரு தாக்கோ தடையோ செய்து, வில்லன் பேஸில் ஒரு அடியையும் ஏந்திவிட்டுச் சுற்று முடிவில் போவார். எப்படியும் போகப்போகிற ஆள், ரைனோவின் பெரிய அடிக்கு அவரையே முன்னால் விடுங்க.


கோட்டைவாசல்:

ஜீனியஸும் ஸ்ட்ரெங்த்தும் அந்த டெக்கில் எதற்கு? சேனலுக்கு எனர்ஜி வேணும், ரீசேனலுக்கு எனர்ஜி வேணும், விஷனின் ஆற்றலுக்கும் எனர்ஜி. மென்டல் இரண்டும் ஃபிசிக்கல் இரண்டும் அங்கே அந்நியம். இரண்டையும் கழற்றிவிட்டு, எனர்ஜி அச்சடித்த ஈவென்ட் இரண்டு வைப்பேன்.


கன்னியா_வெந்நீர்:

ஒத்துக்கொள்ளமாட்டேன். விலை 2 உள்ள மரியா ஹில்லை ஒரே கார்ட்டில் இறக்க ஜீனியஸ் போதும். அவள் வந்ததும் ஆளுக்கொரு கார்ட். இரண்டு பேர் மேசையில் இரண்டு போய் இரண்டு வருது, கூட்டாளி இலவசம். நிறம் பொருந்தவேண்டியது கொட்டுகிற இடத்தில்தான், கூட்டாளி இறக்க எந்த நிறமும் காணும்.


நிலாவெளி_நண்டு:

மூண்டு விதிப் பிழையும் சரியாப் பிடிபட்டுது, நன்றி தம்பி. சேனல் ஏத்தின கணக்கெல்லாம் பிழையா இருந்திருக்கு, அப்பிடியும் தோத்ததுதான் வேடிக்கை. மச்சானும் ஆல்டர்-ஈகோவிலதான் நிண்டவர், உண்மை.

ரெண்டு கேள்வி. தொடக்கக் கையில எதை மாத்துறது? ஹெலிகேரியரை எனக்கு வைக்கிறதா, ஸ்பைடர்மேனுக்குக் குடுக்கிறதா?


பாலையூற்றுப்_பொடியன்:

தொடக்கக் கை: எனர்ஜி சேனல், அல்ஃபா ஃபிளைட் ஸ்டேஷன், மரியா ஹில் வந்தா வைச்சிருங்கோ. ஹெலிகேரியரை இரட்டை ரிசோர்ஸ் ஒண்டு கூட இருந்தா வைக்கலாம். அப்சோர்ப்ஷன் தனிய வந்தாலும் விடாதேங்கோ. ஃபோட்டானிக் பிளாஸ்ட் மூண்டும் ஒண்டா வந்தா ரெண்டைக் கழியுங்கோ. மாத்திற கார்ட் கழிவுக் குவியலுக்குப் போகும், டெக்குக்குத் திரும்பாது. அதால தேவையான ஒண்டை "பிறகு வரட்டும்" எண்டு மாத்தாதேங்கோ. அது டெக் ஒருக்கா முடிஞ்சு திரும்பக் கலக்கினாத்தான் வரும்.

ஹெலிகேரியர் கட்டாயம் ஸ்பைடர்மேனுக்கு. கணக்கு பாருங்கோ. ஸ்விங்கிங் வெப் கிக் விலை 3, அடி 8. ஹெலிகேரியர் அதை 2 ஆக்கும். மேசையில வெப்-ஷூட்டர் ரெண்டும் இருந்தா ஆளுக்கொரு வைல்ட். முடிஞ்சுது: கையில இருந்து ஒரு கார்ட்டும் கழிக்காம 8 அடி. அவருக்கு மிச்சம் நாலு கார்ட் கையிலயே நிக்கும், பேக்ஃபிளிப்புக்கு ஒண்டு வைச்சுக்கொண்டு மற்றதால த்ரெட் இறக்கலாம்.

வெப்-ஷூட்டர்தான் அந்தப் பெட்டியில ஆகத் திறமான ரிசோர்ஸ் கார்ட் எண்டு நான் நினைக்கிறன். விலை 1, ரெண்டு கார்ட் முதல், மூண்டு வைல்ட் வருமானம், மூண்டே சுற்றில. ஆனா அது ஹீரோ பக்கத்தில மட்டும் வேலை செய்யும். பீட்டர் பார்க்கரா நிண்டுகொண்டு வெப்-ஷூட்டரால அத்தை மேயை இறக்க ஏலாது, கனபேர் செய்யிற பிழை. பீட்டருக்கு சயன்டிஸ்ட் ஆற்றல் இருக்கு, சுற்றுக்கு ஒரு மென்டல். அதால அத்தை மேயை இறக்குங்கோ, பிறகு புரட்டி ஹீரோவாகி வெப்-ஷூட்டரால அடியுங்கோ. ஒரு சுற்றில ரெண்டு பக்கத்து வருமானமும் வரும்.


கன்னியா_வெந்நீர்:

இவ்வளவும் சரியாகச் செய்தும் 10 அடி வீணாகிற இடம் மூன்று இருக்கு.

ரைனோவின் கார்ட்டில் "ஐ'ம் டஃப்!" வந்தால் அவனுக்கு டஃப் கிடைக்கும். அடுத்து வருகிற அடி ஒன்றா பத்தா என்று டஃப் பார்க்காது, முழுதையும் விழுங்கிவிட்டுப் போகும். கூட்டாளி ஒருவரை விட்டு 1 அடி அடித்து டஃப்பைக் கழற்றிவிட்டுத்தான் சேனலை வெடிக்கவேணும். ரிசோர்ஸ் டெக்குக்கு மலிவான கூட்டாளி தேவைப்படுவது இதற்காகவும்தான்.

அடுத்தது ஸ்டன். ஹீரோ மேல் ஸ்டன் இருக்கும்போது சேனலை வெடித்தால் ஸ்டன் மட்டும் போகும், அடி போகாது. முதலில் சாதாரணத் தாக்குதலால் ஸ்டனைக் கழற்றுங்க.

பிறகு மிச்ச அடி. ரைனோ முதல் கட்டம் ஆளுக்கு 14, உங்களுக்கு 28. இரண்டாங் கட்டம் 30. கட்டம் மாறும்போது மிஞ்சிய அடி அடுத்த கட்டத்துக்குப் போகாது. 3 உயிரோடு நிற்கிறவனுக்கு 10ஐக் கொட்டினால் 7 நட்டம். அந்த 3ஐ ஹேமேக்கரால் முடித்துவிட்டு, சேனலைப் புதிய கட்டத்துக்கு வைத்திருங்க. கவுன்டர் மேசையில் காத்திருக்கும், அழுகாது.


கோட்டைவாசல்:

இழுக்கிற டெக்குக்கு இன்னொரு வரி உண்டு. டெக் முடிந்தால் கழிவைக் கலந்து புதிய டெக், ஆனால் அதோடு என்கவுன்டர் கார்ட் (வில்லன் பக்கத்துக் கார்ட்) ஒன்று கவிழ்த்து உங்கள் முன்னால் வரும். 40 கார்ட்டில் தொடக்கக் கை 6 போக 34. கமாண்டர், ஸ்டேஷன், ஃபோட்டானிக் எல்லாம் சேர்ந்து சுற்றுக்கு ஏழு கார்ட் இழுத்தால் ஐந்தாஞ் சுற்றில் டெக் காலி. மேசையில் சப்போர்ட்டும் அப்கிரேடும் பத்து நின்றால், கையிலுள்ளதும் போக அடுத்த டெக் 30க்கும் குறைவு, இன்னும் கெதியாய் முடியும். டெக்கில் இரண்டு கார்ட் இருக்கும்போது வில்லனுக்கு 4 உயிர்தான் மிச்சமென்றால் இழுக்காதீர்கள், கையிலுள்ளதால் முடியுங்கள்.

அயன் மேனோடு இது இன்னும் மோசம். அவருடைய ஃபியூச்சரிஸ்ட் மூன்றைப் பார்த்து ஒன்றை எடுத்து இரண்டைக் கழிக்கும், ரிபல்சர் பிளாஸ்ட் ஒன்றுக்கே மேலிருந்து ஐந்து போகும். அடுத்து அவரை எடுக்க நினைத்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பெப்பர் பொட்ஸ் கழிவின் மேல் கார்ட்டில் அச்சடித்த ரிசோர்ஸைத் தருவாள். ஆகவே ஒவ்வொரு கட்டணத்திலும் கடைசியாகக் கழிக்கிறது இரட்டைக் கார்ட்டாக இருக்கட்டும், அடுத்த கட்டணத்துக்கு அவள் 2 தருவாள். ஸ்டார்க் டவரோ கழிவில் ஆக மேலே கிடக்கிற Tech (தொழில்நுட்பம்) வகை அப்கிரேடைத்தான் கைக்குத் தரும், இடையில் கிடக்கிறதைத் தோண்டாது. எதை முதலில் கழிக்கிறோம், எதைப் பிறகு என்பதிலேயே அந்த ஹீரோவின் பாதி இருக்கு.


பாலையூற்றுப்_பொடியன்:

கடைசியா ஒண்டு, டெக்குக்கு வெளியில. கடற்கரைப் பக்கம் விளையாடுறவை 63.5 × 88 மில்லிமீற்றர் ஸ்லீவ் போடுங்கோ. உப்புக் காத்துக்குக் கார்ட் வில்லு மாதிரி வளையும். ரிசோர்ஸ் கார்ட்தான் கனதரம் கைமாறுறது, அதுதான் முதல் வளையும். பிறகு பின்பக்கம் பார்த்தே "அப்சோர்ப்ஷன் மேல கிடக்கு" எண்டு தெரியும், கலக்கிறதில அர்த்தமில்ல. மேல காத்தாடி சுத்தினா எனர்ஜி கவுன்டருக்குப் பெட்டியில வாற மட்டைத் துண்டை விட்டிட்டுப் புளியங்கொட்டை வையுங்கோ. சேனல்ல அஞ்சு கொட்டை, அதுக்கு மேல வைக்க இடம் விடாதேங்கோ.


நிலாவெளி_நண்டு:

47ஐ 40 ஆக்கியாச்சு. மேன்ஷனை இன்னும் கழற்ற மனம் வரேல்ல, ஆனா மூண்டாஞ் சுற்றுக்குப் பிறகு வந்தா கட்டணத்துக்குத்தான். ஸ்ட்ரெங்த்தைக் கழற்றி ஜீனியஸை விட்டிருக்கிறன், ரெண்டு பேரும் சண்டை பிடிக்காதேங்கோ.